ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னா என்ன பண்ணலாம்: சிபாப் மிஷின், சைடு படுக்கை, வாய்க்கருவி, ஆக்சிஜன், இல்ல பொறுத்துப் பார்க்கறது

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பதினோராவது நாள் ராத்திரி, ஆஸ்பத்திரி ரூம்ல கீழ பாய் போட்டு படுத்திருந்தேன், குறட்டைச் சத்தம் சட்டுனு நின்னதுல எனக்கு முழிப்பு வந்துடுச்சு. எழுந்து பார்த்தா நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குது, ஆனா மூக்குகிட்ட கை வச்சா காத்தே வரல. மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன், 24 வரைக்கும் எண்ணிட்டேன், அப்புறம் தான் பெருசா ஒரு இழுப்பு இழுத்து மூச்சு திரும்பி வந்துச்சு, ரெண்டு நிமிஷம் நல்லா போச்சு, மறுபடியும் நின்னுடுச்சு. அதை போன்ல ஒரு ஆறு நிமிஷம் வீடியோ எடுத்து காலைல ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கிட்ட காட்டினேன். அதுவரைக்கும் "அவர் எப்பவுமே குறட்டை தான்"னு நாங்களே சொல்லி விட்டுட்டு இருந்த விஷயம் அது. அதுக்கப்புறம் டெஸ்ட், ரிசல்ட், அப்புறம் எதைப் பண்றதுன்னு ஒரு மாசம் வீட்டுல பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அதே இடத்துல இப்ப நிக்கறவங்களுக்காக எங்க முன்னாடி இருந்த வழிகளை ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பார்த்து எழுதறேன், நான் டாக்டர் இல்ல, அப்பாவைப் பார்த்துக்கிட்ட பொண்ணு, ஆனா இதுல எழுதறது எல்லாம் படிச்சு கேட்டு சரி பார்த்தது.

முதல்ல இந்த ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லிடறேன், அது புரிஞ்சா தான் எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்னு புரியும். ஸ்ட்ரோக்கோ, வந்து கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடற மினி ஸ்ட்ரோக்கோ வந்தவங்களை தூக்க டெஸ்ட் பண்ணிப் பார்த்தா கிட்டத்தட்ட 10 பேர்ல 7 பேருக்கு ஒரு மணி நேரத்துல 5 தடவைக்கு மேல மூச்சு நிக்குது இல்ல பாதியா குறையுது, 30 தடவைக்கு மேல போற சிவியர் வகையே 10 பேர்ல 3 பேருக்கு இருக்குன்னு பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தவங்க சொல்லிருக்காங்க. இது ரெண்டு பக்கமும் ஓடற ரோடு. தூக்கத்துல மூச்சு நிக்கறது ஸ்ட்ரோக்கை கொண்டு வருது, 2005ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஒரு ஆய்வுல பிபி, சுகர், எடை மாதிரி விஷயங்களை எல்லாம் கணக்குல எடுத்துக்கிட்ட பிறகும் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நிக்கற இந்த வியாதி, இருந்தவங்களுக்கு ஸ்ட்ரோக் இல்ல மரணம் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருந்துச்சு. இன்னொரு பக்கம் ஸ்ட்ரோக் வந்த பிறகு நாக்கு, தொண்டைத் தசை எல்லாம் தளர்ந்து போகுது, திரும்பிப் படுக்க முடியாம மல்லாக்கவே கிடக்கறாங்க, அதனால ஏற்கனவே இருந்த ஆப்னியா இன்னும் மோசமாகுது, இல்லாதவங்களுக்கு புதுசாவும் வருது.

ஒவ்வொரு தடவை தொண்டை மூடிக்கும்போதும் ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது, மூளை பதறிப்போய் லேசா எழுப்பி விடுது, அந்த நொடி பிபி எகிறுது, இது ராத்திரி பூரா நூறு இருநூறு தடவை நடந்தா ஏற்கனவே அடிபட்ட மூளைக்கு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்ட்ரோக்ல செத்துப் போன பகுதியைச் சுத்தி பொழைச்சுக்கலாமா வேண்டாமான்னு ஊசலாடிட்டு இருக்கற செல்லுங்க இருக்கும், அதுக்குத் தான் ரத்தமும் ஆக்சிஜனும் விடாம போகணும். அது மட்டுமில்ல, பகல்ல பிசியோ டாக்டர் கையைப் பிடிச்சு நூறு தடவை பண்ண வைக்கற அசைவை மூளை பதிய வச்சுக்கறதுல தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. தூக்கம் துண்டு துண்டா போனா காலைல அவர் சோர்ந்து போய் உக்கார்றார், பிசியோவுக்கு ஒத்துழைக்கல, "மனசு விட்டுட்டார்"னு நாம நினைச்சுக்கறோம். எங்க வீட்டுல மூணு வாரம் அப்படித் தான் நினைச்சோம், இப்பவும் அதை நினைச்சா எனக்குக் கஷ்டமா இருக்கு.

ஒரு முக்கியமான விஷயம், பகல்ல தூக்கம் வழியலைன்னா ஆப்னியா இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஸ்ட்ரோக் வந்தவங்க நிறைய பேர் பகல்ல தூக்கமா வருதுன்னு சொல்றதே இல்ல, சொன்னாலும் ஸ்ட்ரோக் களைப்புன்னு போயிடும். எப்வர்த்னு ஒரு கேள்வித்தாள் குடுப்பாங்க, டிவி பார்க்கும்போது தூங்குவீங்களா, கார்ல போகும்போது தூங்குவீங்களான்னு கேக்கும், அதுல மார்க் கம்மியா வந்தவங்களுக்கும் டெஸ்ட்ல சிவியரா இருந்திருக்கு. குண்டா இருக்கறவங்களுக்குத் தான் வரும்ங்கறதும் ஸ்ட்ரோக் விஷயத்துல நம்பக்கூடாது, எங்கப்பா ஒல்லி தான்.

இப்ப முதல் தேர்வு, டெஸ்ட்டை எங்க எப்போ பண்றது. லேப்ல ஒரு ராத்திரி தங்கி தலைல, மூக்குல, நெஞ்சுல, கால்ல எல்லாம் வயர் ஒட்டி பண்றது முழு டெஸ்ட், அதுல மூளை அலையும் தெரியும், மூச்சு நிக்கறது தொண்டை மூடிக்கறதாலயா இல்ல மூளை சிக்னல் அனுப்பாததாலயாங்கறது தெளிவா பிரிஞ்சு தெரியும். அமெரிக்காவுல தூக்க மருத்துவர்கள் சங்கம் 2017ல குடுத்த வழிகாட்டுதல்ல, முன்னாடி ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு வீட்டு டெஸ்ட்டை விட லேப் டெஸ்ட் தான் பண்ணணும்னு இருக்கு. படிக்க நியாயமா தான் இருக்கு, ஆனா ஒரு பக்கம் விழுந்து போன மனுஷனை, பாத்ரூம் போக ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்கணும்ங்கற நிலைமைல, புது இடத்துல ஒரு ராத்திரி வயர் கட்டிப் படுக்க வைக்கறதுன்னா பல வீட்டுல அதைத் தள்ளித் தள்ளிப் போட்டு கடைசில டெஸ்ட்டே நடக்காம போயிடுது. கனடாவுல ஸ்ட்ரோக், மினி ஸ்ட்ரோக் வந்தவங்களை ரெண்டு குழுவா பிரிச்சு ஒரு குழுவுக்கு வீட்டு டெஸ்ட்டும் இன்னொரு குழுவுக்கு லேப் டெஸ்ட்டும்னு வச்சுப் பார்த்தப்போ வீட்டு டெஸ்ட் குழுவுல தான் அதிகம் பேருக்கு வியாதி கண்டுபிடிச்சு வைத்தியமும் ஆரம்பிச்சாங்க. என் அபிப்பிராயம், லேப் போக முடியும்னா லேப், முடியாதுன்னா கட்டில்லயே பண்ற சின்ன மிஷின் டெஸ்ட்டை உடனே பண்ணிடுங்க, ரிசல்ட் சந்தேகமா இருந்தா, இதய ஃபெயிலியர் இருந்தா, இல்ல மூளை சிக்னல் வகைன்னு சந்தேகம் வந்தா அப்புறம் லேப் போங்க. ஒண்ணு மட்டும் கவனம், வெறும் விரல்ல மாட்டற ஆக்சிஜன் கிளிப்பை ஒரு ராத்திரி போட்டுப் பார்த்துட்டு "90க்கு மேல தான் இருக்கு, ஒண்ணும் இல்ல"ன்னு முடிச்சுடாதீங்க, ஆக்சிஜன் பெருசா இறங்காமலே தூக்கம் உடையற ஆப்னியாவும் இருக்கு.

ரிசல்ட்ல ஏஹெச்ஐன்னு ஒரு நம்பர் வரும், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு குறைஞ்சது பத்து நொடிக்கு பாதியாவோ முழுசாவோ தடைப்பட்டுச்சுன்னு அர்த்தம். 5க்கு கீழ நார்மல், 5லேர்ந்து 15 லேசு, 15லேர்ந்து 30 நடுத்தரம், 30க்கு மேல சிவியர். அப்பாவுக்கு 34. ஆனா அந்த ஒரு நம்பரை மட்டும் பார்த்தா போதாது, மல்லாக்க படுக்கும்போது எவ்ளோ, சைடுல படுக்கும்போது எவ்ளோன்னு தனியா போட்டிருப்பாங்க, அதையும் ஆக்சிஜன் எவ்ளோ வரைக்கும் இறங்குச்சுங்கறதையும் கட்டாயம் கேளுங்க, எந்த வழியைத் தேர்ந்தெடுக்கறதுங்கறது அதுல தான் இருக்கு.

சரி, வழிகளுக்கு வர்றேன்.

பொறுத்துப் பார்க்கலாம், ஸ்ட்ரோக் ஆறினா இதுவும் சரியாயிடும்னு சொல்றவங்க இருக்காங்க. அதுல பாதி உண்மை இருக்கு, முதல் சில வாரத்துல இருந்த நம்பர் கொஞ்ச மாசத்துல ஓரளவு இறங்கறது உண்டு, குறிப்பா மூளை சிக்னல் வகை நல்லாவே குறையும். ஆனா தொண்டை மூடிக்கற வகை பெரும்பாலும் போகாது. மூளை வேகமா திரும்பி வர்றதே முதல் சில மாசத்துல தான், அந்த மாசங்களை மூச்சுத் திணறலோட கழிச்சுட்டு அப்புறம் சரி பண்ணி என்ன பிரயோஜனம்னு எனக்குத் தோணுச்சு. லேசு வகை, ஆக்சிஜனும் பெருசா இறங்கலை, மல்லாக்க படுத்தா மட்டும் தான் வருதுன்னா மூணு மாசம் சைடு படுக்கையோட பொறுத்துப் பார்த்து மறுபடி டெஸ்ட் பண்றது நியாயமான முடிவு தான். நடுத்தரம், சிவியர்ன்னா பொறுக்க வேண்டாம்.

அடுத்தது சிபாப், இதைப் பத்தி தான் அதிகம் பேசணும். 1981ல ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்ங்கற டாக்டர் கண்டுபிடிச்சது. ஒரு சின்ன மிஷின் காத்தை ஒரே அழுத்தத்துல மாஸ்க் வழியா தள்ளிட்டே இருக்கும், அந்தக் காத்து தொண்டையை மூட விடாம உள்ளேர்ந்து தாங்கிப் பிடிக்கும், அவ்ளோ தான், ஆக்சிஜன் எதுவும் தனியா குடுக்கறதில்ல. ஆட்டோ மிஷின்னா 4லேர்ந்து 20 வரைக்கும் (தண்ணி சென்டிமீட்டர்ங்கற அளவுல) அழுத்தத்தை அதுவே தேவைக்கு ஏத்தி இறக்கும். ஏஹெச்ஐயைக் குறைக்கறதுல இங்க சொல்ற வழிகள்ல இதுக்கு ஈடு வேற ஒண்ணு கிடையாது, அதுல சந்தேகமே வேண்டாம்.

ஆனா போட்டா ஸ்ட்ரோக்லேர்ந்து சீக்கிரம் தேறுவாங்களா? இதுக்கு பதில் நேரா இல்ல, ஆனா படிச்சுப் பார்த்தா ஒரு விஷயம் தெளிவா தெரியுது. இங்கிலாந்துல 2006ல ஒரு சின்ன ஆய்வு, சராசரியா ராத்திரிக்கு 1.4 மணி நேரம் தான் போட்டாங்க, ஒரு பலனும் தெரியல. கனடாவுல 2011ல 44 பேரை வச்சு பண்ணது, அங்க ராத்திரிக்கு கிட்டத்தட்ட 5 மணி நேரம் போட்டாங்க, நாலு வாரத்துல கை கால் இயக்கமும் தினசரி வேலைகளும் போடாதவங்களை விட நல்லா தேறிச்சு. அதே 2011ல ஸ்பெயின்ல ஸ்ட்ரோக் வந்து 3லேர்ந்து 6 நாளுக்குள்ளயே ஆரம்பிச்ச ஆய்வுல ஒரு மாசத்துல நரம்பு பாதிப்புல முன்னேற்றம் அதிகமா இருந்துச்சு. நெதர்லாந்துல ரீஹாப் சென்டர்ல நாலு வாரம் பண்ணதுல கவனம், திட்டமிடற திறன் ரெண்டும் கூடுச்சு, ஆனா கை கால் இயக்கத்துல வித்தியாசம் இல்ல. எல்லாம் சின்னச் சின்ன ஆய்வு தான், 2018ல இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தவங்க நரம்பு சார்ந்த முன்னேற்றத்துக்கு உதவலாம், ஆனா ஆய்வுக்கு ஆய்வு ரொம்ப வித்தியாசப்படுதுன்னு சொன்னாங்க.

அடுத்த ஸ்ட்ரோக்கைத் தடுக்குமாங்கறதுக்கு 2016ல சேவ்ங்கற பெரிய ஆய்வு வந்துச்சு, ஏற்கனவே இதய நோயோ ஸ்ட்ரோக்கோ வந்த 2,717 பேர், கிட்டத்தட்ட நாலு வருஷம். சிபாப் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் மாரடைப்பு, ஸ்ட்ரோக், மரணம் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்ததுல வித்தியாசம் இல்ல. ஆனா அவங்க சராசரியா போட்டது ராத்திரிக்கு 3.3 மணி நேரம். 4 மணி நேரத்துக்கு மேல போட்டவங்களை தனியா எடுத்துப் பார்த்தப்போ ஸ்ட்ரோக் கம்மியா தான் இருந்துச்சு, இதைப் பிடிச்சுக்கிட்டு சிபாப் போட்டா ஸ்ட்ரோக் வராதுன்னு விக்கறவங்க சொல்வாங்க, நம்பிடாதீங்க, மாஸ்க்கை ஒழுங்கா போடறவங்க பிபி மாத்திரையையும் ஒழுங்கா சாப்பிடறவங்களா தான் இருப்பாங்க, அதனால எது எதால வந்துச்சுன்னு அதை வச்சு சொல்ல முடியாது. அந்த ஆய்வுல சந்தேகமில்லாம மேம்பட்டது என்னன்னா பகல் தூக்கம் குறைஞ்சது, மனநிலை, வாழ்க்கைத் தரம். அமெரிக்க ஸ்ட்ரோக் சங்கம் 2021ல சொன்னதும் இதே அளவு தான், ஆப்னியா இருக்கற ஸ்ட்ரோக் நோயாளிக்கு சிபாப் குடுத்தா மூச்சு, பிபி, பகல் தூக்கம் எல்லாம் மேம்படலாம்னு. எனக்கு அது போதுமானதா இருந்துச்சு, பிபி கொஞ்சம் இறங்கி, காலைல முகத்துல தெளிவு வந்து பிசியோவுக்கு உக்காந்தார்னா அதுவே பெரிய லாபம்.

அப்போ மொத்தமும் வந்து நிக்கறது எத்தனை மணி நேரம் முகத்துல இருக்குங்கறதுல தான். ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு இங்க தான் சிக்கல், யாரும் முன்கூட்டி சொல்லாத சிக்கல். ஒரு கை தான் வேலை செய்யுது, மாஸ்க்கோட பெல்ட்டை ஒரு கையால மாட்டி கழட்ட முடியுமா? பேச்சு போயிருந்தா மூச்சு முட்டுதுன்னு எப்படி சொல்வார்? முகத்துல ஒரு பக்கம் கோணலா இருந்தா அந்தப் பக்கம் காத்து கசிஞ்சு கண்ணுல அடிக்கும். ஒரு பக்கத்தையே மறந்து போற பிரச்சனை இருக்கறவங்க மாஸ்க் நகர்ந்ததையே உணர மாட்டாங்க. அதனால மாஸ்க் தேர்வு மிஷின் தேர்வை விட முக்கியம்னு நான் அடிச்சு சொல்வேன்.

மூக்கை மட்டும் மூடற மாஸ்க், மூக்கும் வாயும் சேர்த்து மூடறது, மூக்குத் துவாரத்துல மட்டும் உக்கார்ற சின்ன வகைன்னு மூணு இருக்கு. வாய் தொங்கி திறந்தே இருக்கறவங்களுக்கு முழு மாஸ்க் தான் சரின்னு உடனே குடுத்துடுவாங்க, ஆனா வாந்தி வந்தா அவரால ஒரு கையால சட்டுனு கழட்ட முடியலைன்னா அது நுரையீரலுக்குள்ள போற ஆபத்து இருக்கு. விழுங்கறதுல பிரச்சனை இருக்கறவங்க, மயக்கமா இருக்கறவங்க, வாந்தி நிக்காதவங்களுக்கு டாக்டர் சரின்னு சொல்லாம போடவே கூடாது. மூக்கு மாஸ்க்ல ஆரம்பிச்சு, வாய் கசிவு அதிகமா இருந்தா தாடைக்கு ஒரு பட்டை போட முடியுமான்னு கேட்டுப் பாருங்க, மூக்கு மாஸ்க்ல பொதுவா அழுத்தமும் கம்மியா தேவைப்படும், அதிக நேரமும் வச்சிருப்பாங்க. அப்புறம் ஒரு கையால கழட்ட வசதியா காந்தக் கிளிப் வச்ச மாஸ்க் வரும், எங்களுக்கும் அதைத் தான் முதல்ல காட்டினாங்க, ஆனா மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கு உலோகக் கிளிப் போட்டவங்க, பேஸ்மேக்கர் இருக்கறவங்க, தலைல வடிகால் குழாய் வச்சவங்க, ஏன், பக்கத்துல படுக்கறவங்களுக்கு அது இருந்தாலும் கூட, காந்த மாஸ்க் ஆகாது. இதை நீங்களே வாய் விட்டுக் கேக்கணும், யாரும் தானா சொல்றதில்ல. பழைய மிஷின் யாராவது குடுத்தா இன்னொரு விஷயமும் பாருங்க, 2021 ஜூன்ல பிலிப்ஸ் கம்பெனி உள்ள இருக்கற ஃபோம் சிதையுதுன்னு லட்சக்கணக்கான மிஷினை திரும்பக் கூப்பிட்டாங்க, அந்த மாடலான்னு சீரியல் நம்பரை வச்சு சரி பார்த்துட்டு தான் வாங்கணும்.

சைடு படுக்கை அடுத்தது. மிஷினே வேண்டாம், தலையணை போதும்னு கேக்க நல்லா இருக்கும். மல்லாக்க படுக்கும்போது நம்பர் சைடுல இருக்கறதை விட ரெண்டு மடங்கோ அதுக்கு மேலயோ இருந்தா இது நிஜமாவே உதவும். முதுகுல ஆப்பு மாதிரி தலையணை, இல்ல மல்லாக்க திரும்பினா அதிர்ற பெல்ட் எல்லாம் இருக்கு, தலைப்பக்கத்தை கொஞ்சம் உயர்த்தி வைக்கறதும் கொஞ்சம் குறைக்கும். ஆனா ஸ்ட்ரோக் உடம்புக்கு சைடு படுக்கைங்கறது சாதாரண விஷயம் இல்ல. விழுந்த பக்கம் மேல படுத்தா தோள் தன் இடத்துலேர்ந்து நழுவியிருந்தா உயிர் போற வலி வரும், கை மடங்கி அடியில சிக்கிக்கும், உணர்ச்சி இல்லாததால அவருக்கே தெரியாது, ஒரே பக்கம் கிடந்தா படுக்கைப் புண் வந்துடும். பிசியோ டாக்டரை வச்சு தோளை எப்படி முன்னாடி இழுத்து வைக்கணும், கைக்கு அடியில, முழங்காலுக்கு நடுவுல எங்க தலையணை வைக்கணும்னு படம் எடுத்து வச்சுக்கோங்க, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்தணும். அதிர்ற பெல்ட் தானா திரும்பற பலம் இருக்கறவங்களுக்குத் தான், திரும்ப முடியாதவரை அது எழுப்பி மட்டும் விடும். சிவியர் வகைக்கு இது மட்டும் போதாது, சிபாப்போட சேர்த்துப் பண்ணா அழுத்தம் கம்மியா தேவைப்படும், அந்த வகையில எங்களுக்கு ரொம்ப உதவுச்சு.

வாய்க்குள்ள மாட்டற கருவி, மேல் பல்லுலயும் கீழ் பல்லுலயும் மாட்டி கீழ் தாடையை முன்னாடி இழுத்து வச்சுக்கும், நாக்கு பின்னாடி விழாது. நம்பரைக் குறைக்கறதுல சிபாப் அளவுக்கு வராது, ஆனா மாஸ்க்கை விட அதிக மணி நேரம் வச்சிருப்பாங்க, அதனால பிபி மாதிரி விஷயங்கள்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்து நிக்குது. லேசு, நடுத்தரம், நடமாட்டம் ஓரளவு திரும்பி வந்தவர், மாஸ்க்கை எப்படியும் ஒத்துக்காதவர்ன்னா இது நல்ல வழி. ஆனா உறுதியான பல் போதுமான அளவு இருக்கணும், பல்செட் போட்டவங்களுக்கு சரிவராது, முகத்துல ஒரு பக்கம் உணர்ச்சி இல்லைன்னா உள்ள புண்ணானாலும் தெரியாது, எச்சில் அதிகமா ஊறும், விழுங்கறதுல பிரச்சனை இருக்கறவங்களுக்கு அதுவே தொல்லை. தூக்க ஆப்னியாவுல பழக்கம் இருக்கற பல் டாக்டர் அளவெடுத்து செய்யணும், வெந்நீர்ல போட்டு கடிச்சு நாமளே பண்ணிக்கற வகை வேண்டாம். செஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி இழுத்து, மறுபடி டெஸ்ட் பண்ணி முடிக்க வாரக்கணக்குல ஆகும், ஸ்ட்ரோக் வந்த முதல் மாசத்துல இதுல இறங்கறது நேர விரயம்.

ஆக்சிஜனைப் பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்லணும், ஏன்னா வீட்டுல இருக்கறவங்களுக்கு முதல்ல தோணறது இது தான், ஆக்சிஜன் இறங்குதா, ஆக்சிஜன் குடுங்கன்னு. மூக்குல ட்யூப் வச்சா விரல் கிளிப்ல நம்பர் அழகா 96ன்னு காட்டும், ஆனா தொண்டை மூடிக்கிட்டு தான் இருக்கும், தூக்கம் உடைஞ்சுக்கிட்டு தான் இருக்கும், பிபி ஏறிக்கிட்டு தான் இருக்கும், சில பேருக்கு மூச்சு நிக்கற நேரம் இன்னும் நீளும், கார்பன் டை ஆக்சைடு சேரும். 2014ல வந்த ஒரு ஆய்வுல சிபாப், ஆக்சிஜன், ரெண்டும் இல்லாத சாதாரண வைத்தியம்னு மூணு குழுவா வச்சுப் பார்த்தாங்க, ராத்திரி ஆக்சிஜன் அளவு ஆக்சிஜன் குழுவுலயும் ஏறுச்சு, ஆனா பிபி இறங்கினது சிபாப் குழுவுல மட்டும் தான். அதனால டாக்டர் வேற காரணத்துக்கு எழுதினா தவிர, சிபாப்புக்கு பதிலா இதை வச்சுக்கலாம்ங்கற யோசனையை விட்டுடுங்க. இதே இடத்துல இன்னொண்ணு, ராத்திரி தூங்க மாட்டேங்கறார்னு தூக்க மாத்திரை கேட்டு வாங்கிடாதீங்க, தசையைத் தளர்த்தற வகை மாத்திரையும் மதுவும் தொண்டையை இன்னும் மூட வைக்கும், ஏற்கனவே ஏதாவது எழுதியிருந்தா ஆப்னியா இருக்குன்னு சொல்லி டாக்டர்கிட்ட மறுபடி கேளுங்க.

எடை குறைக்கறது அதிக எடை இருக்கறவங்களுக்கு நல்லது தான், 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல டிர்செபடைட்ங்கற ஊசி மருந்தை உடல் பருமனோட நடுத்தரம் இல்ல சிவியர் ஆப்னியா இருக்கறவங்களுக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா அது மாசக்கணக்குல மெதுவா நடக்கற வேலை, ஸ்ட்ரோக் வந்து சாப்பிட முடியாம தசையே கரைஞ்சுட்டு இருக்கற நேரத்துல ஆரம்பிக்கற விஷயம் கிடையாது. நாக்கு நரம்புக்கு மின்சாரம் குடுக்கற கருவியை உடம்புக்குள்ள வைக்கற ஆபரேஷனும் இருக்கு, 2014ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினது, சிபாப் ஒத்துக்காத சிலருக்கு நல்ல பலன், ஆனா ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடற புது ஸ்ட்ரோக் நோயாளிக்கு இப்போதைக்கு யோசிக்க வேண்டியதில்ல. தொண்டை, நாக்குப் பயிற்சி வேற மாதிரி, பிரேசில்ல 2009ல மூணு மாசம் பயிற்சி குடுத்துப் பார்த்ததுல நடுத்தர ஆப்னியா இருந்தவங்களுக்கு ஏஹெச்ஐ சராசரியா 22லேர்ந்து 14க்கு இறங்குச்சு, அவங்க ஸ்ட்ரோக் நோயாளிங்க இல்ல, ஆனா பேச்சுக்கும் விழுங்கறதுக்கும் எப்படியும் ஸ்பீச் தெரபிஸ்ட் வர்றாங்களே, அவங்ககிட்டயே இதையும் சேர்த்துக் கேட்டோம், பக்கத்துணையா போகுது.

இன்னொரு எச்சரிக்கை, டெஸ்ட்ல மூச்சு நிக்கறது பெரும்பாலும் மூளை சிக்னல் வகைன்னு வந்தா மேல சொன்ன கணக்கெல்லாம் மாறிடும். அப்போ சிபாப் பத்தாம போகலாம், பைபாப் (மூச்சு இழுக்க ஒரு அழுத்தம், விட ஒரு அழுத்தம்னு குடுக்கறது), ஏஎஸ்வி (ஒவ்வொரு மூச்சையும் பார்த்து அழுத்தத்தை மாத்தறது)ன்னு வேற மிஷின் பேச்சு வரும். ஏஎஸ்வின்னு யாராவது சொன்னா உடனே இதய எக்கோ பண்ணீங்களான்னு கேளுங்க, 2015ல வந்த செர்வ் ஹெச்எஃப் ஆய்வுல இதயத்தோட பம்ப் சக்தி 45 சதவீதமோ அதுக்கு கீழயோ இருந்தவங்களுக்கு ஏஎஸ்வி போட்டதுல இதய மரணம் அதிகமாச்சு.

எங்க முடிவு எப்படி வந்துச்சுன்னா, நம்பர் 34, கிட்டத்தட்ட எல்லாமே தொண்டை வகை, சைடுல படுத்தாலும் 20, வலது கை வேலை செய்யல, கீழ்ப் பல்லு பாதி இல்ல, விழுங்கறது பரவால்லன்னு தெரபிஸ்ட் சொல்லியாச்சு. பல்லை வச்சுப் பார்த்தா வாய்க்கருவி போச்சு, சைடுல 20 இருக்கறதால தலையணை மட்டும் பத்தாது, மிச்சம் சிபாப் தான். ஆனா டாக்டர் சரின்னதும் வாங்கலை, முதல்ல வீட்டுல உக்காந்து ராத்திரி யார் கூட படுக்கறதுன்னு முடிவு பண்ணோம். அம்மாவுக்கு காது சரியா கேக்காது, மாஸ்க் கழண்டா தெரியாது. அதனால வாரத்துல நாலு நாள் நான், மூணு நாள் தம்பின்னு பிரிச்சுக்கிட்டோம். ஆள் இல்லாத வீட்டுல, மாஸ்க்கை கழட்டத் தெரியாத மனுஷனுக்கு எவ்ளோ நல்ல மிஷின் வாங்கினாலும் அது அலமாரில தான் இருக்கும், அந்த மாதிரி நிலைமைல சைடு படுக்கையும் தலை உயர்த்தறதும் முழு மனசோட பண்றது அரைகுறை சிபாப்பை விட நல்லதுன்னு கூட நான் நினைக்கறேன்.

முதல் வாரம் ராத்திரி போடவே இல்ல. பகல்ல டிவி பார்க்கும்போது மிஷினை ஆன் பண்ணாம வெறும் மாஸ்க்கை கைல குடுத்து அவரையே இடது கையால முகத்துல பிடிக்க வச்சோம், அப்புறம் பெல்ட் போட்டு 10 நிமிஷம், அப்புறம் குறைஞ்ச அழுத்தத்துல மதியத் தூக்கத்துக்கு. அவர் இடது கையால கழட்டிப் பழகற வரைக்கும் ராத்திரிக்குப் போகலை, ஏன்னா நினைச்சா கழட்டிக்கலாம்ங்கற தைரியம் வந்தா தான் போட்டுக்கவே சம்மதிப்பாங்க. பேச்சு சரியா வராததால படுக்கைல ஒரு சின்ன மணி கட்டி வச்சோம். மூக்கு வறண்டு போச்சுன்னு முதல் ரெண்டு நாள் பிடுங்கிப் போட்டார், ஈரப்பதம் குடுக்கற பகுதில டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி சூட்டைக் கொஞ்சம் ஏத்தினதும் அந்தத் தொல்லை போயிடுச்சு. மிஷின்லயே எத்தனை மணி நேரம் போட்டார், எவ்ளோ கசிவு, மிச்ச ஏஹெச்ஐ எவ்ளோன்னு வரும், ராத்திரி போட ஆரம்பிச்ச முதல் வாரம் சராசரி 2 மணி நேரம், நாலாவது வாரம் 5 மணி நேரம் 20 நிமிஷம், மிச்ச ஏஹெச்ஐ 4. நடு ராத்திரி பாத்ரூம் எழுந்துட்டு வந்தா மறுபடி போட மறந்துடுவோம், அங்க தான் ஒன்றரை மணி நேரம் போகுது, இப்ப அதுக்கு போன்ல அலாரம் வச்சிருக்கோம்.

கை இன்னும் முழுசா வரல. காலை பிபி முன்னாடி விட கொஞ்சம் இறங்கியிருக்கு, மாத்திரையும் மாத்தினாங்க, அதனால எதால இறங்குச்சுன்னு பிரிச்சு சொல்ல மாட்டேன். ஆனா காலைல ஏழு மணிக்கு தானா கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் கையைக் காட்டறார், பிசியோ வரும்போது உக்காந்து இருக்கார். மூணு மாசம் முடிஞ்சதும் மறுபடி டெஸ்ட், அந்தத் தடவை லேப்லயே, நாற்காலில உக்கார முடியுதே, கூட்டிட்டுப் போயிடலாம்னு தம்பி சொல்லிருக்கான்.